அண்ணன் கம்பி வைக்காமல் விட்ட கப்பல்

அன்று காலை சேலத்தில் என் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் பேத்தி எடுத்து என் காதில் வைத்தாள். நாமக்கல் அண்ணியின் குரல். அழுகை இல்லை.

"அம்மிணி, உங்கண்ணன் எந்திரிக்கலை. காப்பி கொண்டுபோய் வச்சேன். ஆறிப் போச்சு. அப்பறந்தான் தொட்டுப் பாத்தேன்."

 களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டும்போது பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "ஏனுங்க, விசேசத்துக்குங்களா?" என்று கேட்டார். அவசரத்தில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் போல. "ஆமாங்க, அண்ணன் ஊட்டுக்கு" என்றேன். 

என் அண்ணன் பெயர் சூசைநாதன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தச்சு மேஸ்திரியாக இருந்தவர். கப்பல் மேஸ்திரி என்று சொன்னால்தான் நாமக்கல் கோயில் பங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு, நிசக் கப்பலை அளந்து, அதே அளவைச் சுருக்கி, கையாலேயே மரத்தில் கப்பல் செய்தவர். அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். பேத்தி தமிழில் எம்.ஏ. படிக்கிறாள், எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆள். "நான் திருத்தித் தரட்டுமா பாட்டி?" என்று கேட்டாள். எழுத்துப் பிழையை மட்டும் பாரு, உன் பெரிய தாத்தாவைத் திருத்திராதே என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் முதன்முதலில் கப்பலைப் பார்த்தது வேளாங்கண்ணியில். நாங்கள் சின்னப் பிள்ளைகள். அம்மா நேர்த்திக்கடனுக்கு எங்களைக் கூட்டிப் போயிருந்தார். எல்லாரும் கோயிலுக்குள் முட்டி போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் மணலில் நின்று, தூரத்தில் நகர்ந்த சரக்குக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து காதைத் திருகினார்.

"மாதாவைப் பாக்க வந்தியா, கப்பலைப் பாக்க வந்தியா?"

"மாதாவை நம்மூட்டுப் படத்துலயே பாக்கலாமே. கப்பலை எங்க பாக்குறது?"

அதற்கும் ஒரு அடி விழுந்தது. ஊருக்குத் திரும்பியதும் அப்பாவின் இழைப்புப் பலகைக்கு அடியில் கிடந்த வேப்பந்துண்டில் ஒரு கப்பல் குடைந்தார். எனக்கு அது வாத்து மாதிரி இருந்தது. சொன்னேன். அதை அடுப்பில் போட்டுவிட்டு, அடுத்த துண்டை எடுத்தார். அவர் குணம் அப்போதே அப்படி.

வளர்ந்ததும் நாமக்கல் பட்டறைக்குப் போனார். பகலெல்லாம் லாரி. சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் கப்பல். பாடி கட்டி மிஞ்சின தேக்குச் சிம்புகளை அட்டை மாதிரி மெல்லிசாக அறுத்து, விலா எலும்பு போலக் கட்டைகளை நிறுத்தி, அதன் மேல் வரிவரியாக ஒட்டுவார். கப்பலுக்கு அடியில் நீளமாக ஓடும் மரத்துக்கு ஏரா என்று பெயராம். அண்ணனுக்கு அது கடைசி வரைக்கும், லாரியின் அடிச்சட்டத்தைச் சொல்வது போல, 'சேஸ்' தான். நூல் குமாரபாளையத்துத் தறியில் இருந்து வரும். கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டில் அந்த நூலை இழுத்தால் பிசிறு அடங்கும் என்பார். நங்கூரச் சங்கிலி எங்கள் வீட்டில் இருந்து போகும். என் வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் இருந்தவர். எறும்பு போலச் சின்ன வளையமாகக் கோத்துக் கொடுப்பார். "மாப்ள, இது நாட்டியக்காரி கொலுசு. எனக்கு வேணுங்கறது பத்து யானையைக் கட்டுற சங்கிலி" என்று திருப்பி அனுப்புவார் அண்ணன். இவர் திட்டிக்கொண்டே மறுபடி கோப்பார்.

பட்டறையில் கேலிக்குக் குறைவே இல்லை. நாமக்கல் முட்டை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகம் போகிற டிரைவர்கள்தான் அண்ணனுக்குக் கண். அவர்கள் திரும்பி வந்ததும் பிடித்துக்கொள்வார். புகைக்கூண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஏணி உள்ளே போகிறதா வெளியே தொங்குகிறதா என்று குடைவார். ஒரு டிரைவர் கேட்டாராம்:

"ஏனுங்க மேஸ்திரி, நம்மூரு ஏரியே வறண்டு கெடக்குது. இத்தனை கப்பலை எங்க ஓட்டப் போறீங்க?"

"நீ ஓட்டுற லாரி மட்டும் என்ன, ரோட்டுலயா போகுது? போன வாரம் வரப்புல இறக்கினியாமே."

எல்லாரும் சிரித்தார்களாம். டிரைவர்கள் சொன்ன கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போகவே, ஒரு தடவை முட்டை லாரியிலேயே ஏறித் தூத்துக்குடி போய்விட்டார். உள்ளே விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று, கையை நீட்டி, கட்டை விரலையும் ஒரு குச்சியையும் வைத்துக் கப்பலை அளந்துவிட்டு அதே லாரியில் திரும்பினார். போன வேலை அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அளக்காத எதையும் கப்பலில் வைக்க மாட்டார். "ஒப்புக்கு வச்சா பொம்மை. அளந்து வச்சாத்தான் கப்பல்" என்பார். நிசக் கப்பலில் இருநூறு அடி என்றால் அவர் கப்பலில் ஓரடி. கதவு, ஜன்னல், படி எல்லாம் அந்தக் கணக்கில்தான். ஒரு சாமான் எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவார். தெரிந்த பிறகு வைப்பார். அதற்கு வருசக்கணக்கானாலும் சரி.

இந்தப் பிடிவாதத்தை நாங்கள் எல்லாரும் பெருமையாகத்தான் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் தள்ளித்தான் ஆனது. அண்ணி லூர்தம்மாவுக்குச் சொந்த ஊர் ஓமலூர் பக்கம். வந்த புதிதில் இட்லிக் குண்டாவைக் காணோம் என்று தேடினால், அது பின்கட்டில் விறகடுப்பில் கொதிக்கிறது. இட்லித் தட்டில் தேக்குச் சிம்பு. ஆவி பிடித்தால்தான் மரம் ஒடியாமல் வளையுமாம்.

"இட்டிலியில மரவாடை அடிக்குது" என்றார் அண்ணி.

"தேக்கு வாடை. சந்தனத்துக்கு அடுத்தது" என்றார் அண்ணன்.

"அப்ப நீங்களே தின்னுங்க" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். அடுத்த வாரம் அண்ணன் தனிக் குண்டா வாங்கினார். அண்ணி அதிகம் பேச மாட்டார். பேசினால் அதோடு பேச்சு முடிந்துவிடும். அண்ணன் செய்த கப்பல்களைத் துடைத்து வைக்க அவரை மட்டும்தான் விடுவார்.

கப்பலை விற்றதில்லை. யாருக்குப் பிடிக்கிறதோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். என் வீட்டில் ஒன்று இருக்கிறது. கடலையே பார்க்காத என் பேரன் பேத்திகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்தவர்கள். வருகிறவர்களிடம் எல்லாம் எங்கண்ணன் செய்தது என்று நான் காட்டாமல் விட்டதில்லை.

ஒரே மகன் பிரிட்டோ. அப்பா மாதிரியே நெடுநெடுவென்று இருப்பான். கப்பலுக்கு நடுவிலேயே வளர்ந்தவன் கப்பலுக்கே வேலைக்குப் போனான். அதற்கான படிப்பைப் படித்து, சரக்குக் கப்பலில் தள வேலைக்குச் சேர்ந்தான். அவன் கிளம்பிய அன்று அண்ணன் பட்டறை முழுக்க மிட்டாய் கொடுத்தார். அண்ணி மட்டும், "பாத்து இருந்துக்க சாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு டிரைவர்கள் தேவைப்படவில்லை. கப்பலுக்குள்ளேயே ஆள் இருக்கிறது. மகன் வேலை பார்க்கிற கப்பலையே செய்ய ஆரம்பித்தார். பிரிட்டோ போட்டோ அனுப்புவான். கரை பக்கம் வந்தால் பேசுவான். நான் போயிருந்த ஒரு நாள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதைக் கேட்டேன்.

"அப்பா, நான் டேப்பு புடிச்சுட்டுச் சுத்தறதைப் பாத்து கேப்டன் கேக்கறாருப்பா, உனக்கு என்ன கிறுக்கான்னு."

"எங்கப்பனுக்குத்தான் கிறுக்கு, எனக்குச் சம்பளம்னு சொல்லு."

"சொல்லிட்டேங்கப்பா."

அப்பனும் மகனும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில், அண்ணன் செய்ததிலேயே பெரிய கப்பல் அது. சரக்கு மூடி, தூக்கு எந்திரம், உயிர்காக்கும் படகு எல்லாம் வைத்தாகிவிட்டது. பின்பக்கத்துக் கைப்பிடிக் கம்பி ஒன்றுதான் பாக்கி.

கொரோனா அடங்கின சமயம். ஒரு வியாழக்கிழமை பகலில் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பிரிட்டோவைக் காணவில்லை என்றார்கள். முந்தின நாள் சாயந்திரம் வேலை முடித்தவனைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்த் தேடியிருக்கிறார்கள். கடல் அமைதியாக இருந்ததாம். எந்த இடத்தில் விழுந்தான், எதற்கு அங்கே போனான், எதுவும் தெரியாது என்றார்கள். உடம்பு கிடைக்கவே இல்லை.

அண்ணன் உடைந்துபோவார், அண்ணி தாங்குவார் என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. அண்ணி ஒரே வார்த்தையில் நின்றுவிட்டார்.

"எம்மகன் சாகலை."

கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்தபோதும் அதைத்தான் சொன்னார். அவர் நீட்டிய இறப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. கோயிலில் இருந்து பங்குச்சாமியார் வந்து பக்குவமாகப் பேசினார். "உடம்பு இல்லாட்டியும் அவனுக்காக ஒரு பூசை வைக்கலாமேம்மா" என்றார்.

"வராதவனுக்கு எதுக்குங்க சாமி பூசை? வரட்டும். வந்தா நன்றிப் பூசை வைக்கிறேன்."

நம் பங்கில் கல்லறைத் திருநாள் அன்று, செத்துப்போன நம்மவர்கள் பெயரைக் கொடுத்தால் பூசையில் சத்தமாக வாசிப்பார்கள். தன் பிள்ளையின் பெயரை அப்படி வாசித்துக் கேட்டுவிட்டால் அழுதாவது தீர்க்கலாம். அந்த வருசம் அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். "அவன் பேரைக் குடுத்துட்டு வந்தர்றேன் லூர்து" என்றார். அண்ணி வாசலிலேயே நின்று, "செத்தவங்களோட சேத்து எம்மகன் பேரைப் படிக்கக் கூடாது. படிச்சா நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன்" என்றார். அண்ணன் அப்பா, அம்மா பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்தடுத்த வருசமும் அப்படித்தான். பிரிட்டோவுக்கு ஒரு சிலுவை இல்லை, ஒரு மெழுகுவர்த்தி இல்லை.

உறவுக்காரர்கள் அண்ணிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பேசினார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கப்பல் அப்படியே நின்றது. பட்டறைப் பெயிண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது, "எல்லாக் கப்பலுக்கும் கம்பி ஒரே மாதிரிதானுங்க மேஸ்திரி. வச்சு முடிச்சர்றது" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். அண்ணன் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னார். இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். அண்ணியிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அண்ணி ரேசன் கடைக்குப் போயிருந்தார். அண்ணன் கப்பலின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

"மேரி, அவனை நாந்தான் அனுப்பிச்சேன்."

"எங்க அனுப்புனீங்கண்ணா?"

"அந்தப் புதன்கெழமை பேசுனான். போட்டோவுல இந்த எடம் சரியாத் தெரியலை. கம்பிக்கால் தளத்து மேல நிக்குதா, இல்ல ஓரத் தகட்டுக்கு வெளிப்பக்கம் ஒட்டி நிக்குதான்னு பாத்துச் சொல்லு சாமின்னேன். டூட்டி முடிச்சுப் பாத்துச் சொல்றேங்கப்பான்னான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உள்ள இருந்து பாத்தா தெரியாது மேரி. கம்பியைத் தாண்டி எட்டிப் பாக்கணும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்."

 நீங்கள் வேணும் என்றா செய்தீர்கள் என்றேன். அதற்காகத்தான் போனான் என்று யார் பார்த்தது என்றேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"லூர்துகிட்டச் சொல்லோணும். சொல்லாம நான் போகக் கூடாது. ஆனா எப்படிச் சொல்றது? அவ, மகன் வருவான்னு உக்காந்திருக்கா. நான் இதைச் சொன்னா அவன் இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிரும். மகனையும் நானே கொன்னு, அவ நெனப்பையும் நானே கொல்லணுமா?"

ஆனாலும் அவர் சொல்லப் பார்த்தார். நானே ஒரு தடவை பக்கத்தில் இருந்தேன். "லூர்து, இங்க வா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். பிரிட்டோ கடைசியாப் பேசுனப்ப" என்று ஆரம்பித்தார். அண்ணி சட்டென்று எழுந்து, "அடுப்புல பால் இருக்குது" என்று போய்விட்டார். அடுப்பில் பால் இல்லை. இன்னொரு தடவை கோழிக்குத் தீனி வைக்கணும் என்று போனார். அவர் எப்போது பேச வாயெடுத்தாலும் அண்ணிக்கு ஒரு வேலை வந்துவிடும். மகன் பேச்சைக் கேட்கத் தெம்பில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

மற்றபடி அண்ணி அவரைக் கவனித்த கவனிப்பில் ஒரு குறை இல்லை. ஆயுசு முழுக்க மரத்தூளும் பெயிண்டும் சுவாசித்த நெஞ்சு. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கடைசி வருசம் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் தூக்கம். அண்ணி கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவார். முதுகைத் தேய்த்துவிடுவார். அண்ணன் அவர் முகத்தையே பார்ப்பார். உதடு அசையும். அண்ணி வாயைத் துடைத்துவிட்டு, "பேசாதீங்க. மூச்சு வாங்குது" என்பார். நான் கடைசியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது அண்ணன் என் கையைப் பிடித்து, "சொல்லலையே மேரி" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு.

சொல்லாமலேதான் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பட்டறை ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அந்தக் கப்பலையும் கூட வைத்து அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். தண்ணி மோந்து குடித்தார். எனக்கும் கொடுத்தார்.

"அம்மிணி, உங்கண்ணன் உங்ககிட்டச் சொல்லியிருப்பாரே, கம்பி பாக்கச் சொன்னதை."

சொம்பைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு எப்படிங்கண்ணி தெரியும்?"

"அன்னைக்கு அவர்கிட்டப் பேசிட்டு எனக்குக் கூப்பிட்டான். நான் சந்தையில இருந்தேன். அப்பாவுக்குக் கம்பி பாக்கப் போறேம்மா, எட்டித்தான் பாக்கணும்னு சிரிச்சான். பாத்து எட்டுறா சாமின்னேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காணம்னு போன் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் எதுக்குங்கண்ணி, அவன் சாகலைன்னு இத்தனை வருசம்?"

"அவன் செத்துட்டான்னு நான் ஒத்துக்கிட்டா, அடுத்து எப்படிச் செத்தான்னு பேச்சு வரும். அதுக்கு உங்கண்ணன்தான் பதில் சொல்லோணும். அந்தப் பதிலை அவரு வாயால கேட்டுட்டு, அப்பறம் நான் அவருக்கு எப்படி அம்மிணி சோறு போடறது? அவர்தான் எப்படித் திம்பாரு? அதான் அவன் சாகலைன்னே வச்சுக்கிட்டேன். பைத்தியம்னு சொன்னாங்க. சொல்லட்டும்."

நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அவர் சொல்ல முடியாமல்தானே வெந்து செத்தார் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணி முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. வெளியே பெட்டியை மூடப் போகிறார்கள் என்று கூப்பிட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் சாமி செபம் முடித்துத் தீர்த்தம் தெளித்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். நம் வழக்கப்படி ஒவ்வொருவராக வரிசையில் போய் ஒரு கைப்பிடி மண் போட்டோம். நாமக்கல் மண்ணில் கல் அதிகம். பெட்டி மேல் விழும்போது சத்தம் கேட்கும். அண்ணி முதலில் போட்டார். நான் போட்டேன். பட்டறை ஆட்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் போட்டு முடித்தார்கள். குழி வெட்டினவர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"இருங்க தம்பி" என்றார் அண்ணி.

மறுபடியும் குழி ஓரத்துக்குப் போனார். குனிந்து இன்னொரு கைப்பிடி மண் எடுத்தார்.

"சாமி, அதே செபத்தை இன்னொருக்கா சொல்லுங்க. பிரிட்டோ. சூசைநாதன் மகன் பிரிட்டோ."

சாமி ஒரு நிமிசம் அவரையே பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து முதலில் இருந்து சொன்னார். மகன் பெயரை அவர் சொல்லும்போது அண்ணி அந்த மண்ணைப் போட்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கையைத் தட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போனவர்கள்கூடத் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகப் போய் இரண்டாவது கைப்பிடி மண் போட்டோம். அந்த வெயிலில் அதற்கு வெகுநேரம் ஆனது. குழி வெட்டினவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அவரும் ஒரு கைப்பிடி போட்டார்.

அண்ணா, நீங்கள் சொல்ல முடியாமல் போனது அண்ணிக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் உங்களுக்குக் கஞ்சி ஊட்டினார். தெரிந்துகொண்டுதான் முதுகு தேய்த்தார். இதை உங்களிடம் சொல்ல எனக்கு இந்தக் காகிதத்தை விட்டால் வேறு இடம் இல்லை. பிள்ளையும் உங்களோடு வந்துவிட்டான். இனி மூச்சு வாங்காமல் தூங்குங்கள்.

உங்கள் தங்கை,
சகாயமேரி, சேலம்